அட்டையில் ஒரே ஒரு வரி

வட்டார வரலாற்றுக் கழகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பதிவேடு எழுதுகிறவள், அன்று காலை கண்காட்சிக் கூடத்தில் ஒரு விவரச்சீட்டைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். 'வெள்ளக் காட்சிகள், பதினேழு. ஓவியர்' என்று போட்டு, பக்கத்தில் செத்துப்போன மரக்கடைக்காரரின் பெயர். மரக்கடைக்காரராவது, ஓவியமாவது! அந்த மனுஷனுக்குப் பென்சிலைக் கொடுத்தால் பலகையில் அளவுக்கோடு போடத் தெரியும், அவ்வளவுதான்.

வரைந்தது அவளுடைய சித்தி. ஊரே தண்ணீரில் மூழ்கிய அந்த வருஷம், ஜனங்களைப் பள்ளிக்கூடத்து மாடியில் ஏற்றி வைத்திருந்தார்கள். அங்கே தையல் டீச்சராக இருந்த சித்தி, ஒன்பது நாள் ஒரு மூலையில் உட்கார்ந்து, மிஞ்சிய பரீட்சைத் தாள்களில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தாள். கூரைமேல் ஏறி நின்ற ஆடு, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்த தபால்காரர், ஒற்றைச் செருப்பைத் தேடிய கிழவர். கையெழுத்து மட்டும் போடவில்லை. நாம் என்ன பெரிய ஓவியரா என்ற கூச்சம். மாடியில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட மரக்கடைக்காரர், "குடுங்க டீச்சர், நான் பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். பத்திரமாகத்தான் வைத்தார். பிறகு கழகத்துக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது யார் வரைந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு யாரைச் சொல்வது? கேளுங்கள். பழைய பதிவேட்டில் வரைந்தவருக்கு ஒரு கட்டம், கொடுத்தவருக்கு ஒரு கட்டம் என்று இரண்டு இருந்தன. அது நைந்துபோனதும் எல்லாவற்றையும் அட்டைகளுக்கு மாற்றி எழுதச் சொன்னார்கள். அச்சடித்து வந்த அட்டையில் 'பெயர்' என்று ஒரே ஒரு வரி. யார் பெயரை எழுதுவது? அப்போதிருந்த செயலாளர் யோசிக்கவே இல்லை.

"குடுத்தவங்க பேரைப் போடும்மா. அவங்கதான் நாளைக்கு வந்து பாப்பாங்க. வரைஞ்சவங்க பாதிப்பேர் செத்துட்டாங்க, மீதிப்பேர் கேக்க மாட்டாங்க" என்றார்.

அலுவலகத்தில் இருந்த நாலு பேருக்கும் அந்த வழக்கம் தெரியும். ஆகவே ஒருத்தரும் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதிலே மூன்று பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், மிச்சம் இவள். சித்தியின் படங்களுக்கு அட்டை எழுதும்போது இவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது. நின்று என்ன புண்ணியம்? வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. எழுதினாள். பழைய பதிவேட்டை எடைக்குப் போடும்முன், 'ஒப்பிட்டேன், சரியாக உள்ளது' என்று கையெழுத்தும் போட்டாள். போன மாதம் கண்காட்சிக்கென்று வந்த வடிவமைப்பாளர் அட்டைப் பெட்டியைக் கேட்டபோதும் எடுத்துக் கொடுத்தாள். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள். படத்தின் அட்டையில் ஒரு பெயர் இருந்தால் அது படம் போட்டவர் பெயர்தானே, அந்த ஆள் எதற்குக் கேட்கப்போகிறார்?

சாயந்தரம் நாலு மணிக்குத் திறப்பு. சித்திக்கு எழுபத்தொன்பது வயது, இவள் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு வாரமாக அலமாரியைத் திறந்து எந்தப் புடவை என்று இவளைக் கேட்டுப் படுத்தி எடுத்துவிட்டாள். "என் பேரைச் சுவத்துல ஒரு தடவை பாத்துட்டா போதும்டி. அப்புறம் எப்ப வேணா போறேன்" என்று நேற்றுகூடச் சொன்னாள். இவள் செயலாளர் அறைக்கு ஓடினாள்.

இப்போதைய செயலாளர் இவளைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஆதாரம் என்ன மேடம்?"

"பழைய பதிவேடு சார்."

"அது எங்க?"

"எடைக்குப் போட்டாச்சு."

அவர் கோப்பை எடுத்துப் புரட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே? சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே. அப்போ நாலாயிரம் அட்டையும் தப்பா?"

"தப்பில்ல சார், அது அப்போ வழக்கம்..."

"வழக்கம்னு எங்க எழுதியிருக்கு?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒண்ணு பண்ணுங்க. தெரிஞ்சே தப்பா எழுதி, சரின்னு கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே ஒரு கடிதம் குடுங்க. சீட்டை இப்பவே மாத்திடறேன். ஆனா விசாரணை வரும். ஏழு மாசத்துல ஓய்வு பெறப் போறீங்க, ஓய்வூதியத்தையே நிறுத்தி வச்சாலும் வைப்பாங்க. யோசிச்சுக்குங்க மேடம்."

தன் மேஜைக்கு வந்து தாளை எடுத்தாள். 'கீழே கையெழுத்திட்டுள்ள நான்' என்று தொடங்கினாள். நாலாயிரம் அட்டை கண் முன்னால் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, ஒரு அட்டையில் அடித்தல் திருத்தல் இல்லை, எடுத்த நல்ல பெயரெல்லாம் நாறிப்போகுமே என்று தோன்றியது. சித்திக்குப் பார்வை மங்கல், சின்ன எழுத்தைப் படிக்கவா போகிறாள் என்று ஒரு சமாதானம் எங்கிருந்தோ வந்தது. தாளைக் கிழித்தாள். பயந்த மனுஷி, பாவம் என்று சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பயம் என்றால் அட்டை எழுதிய அன்றைக்கு இருந்தது பயம். இது கணக்குப் போட்டுச் செய்தது.

சித்தி நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். கரும்பச்சைப் புடவை. படங்களைப் பார்த்ததும், "அய்யோ, இந்த ஆடு!" என்று குழந்தை மாதிரி சிரித்தாள். பிறகு மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து சீட்டைப் படித்தாள். மெதுவாக, எழுத்து எழுத்தாக. சிரிப்பு நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து மரக்கடைக்காரரின் மகன் நாலு விருந்தாளிகளோடு வந்தார். "அப்பா கழுத்தளவு தண்ணில நின்னு வரைஞ்சது" என்று நெகிழ்ந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை. சீட்டை நம்பிவிட்டார்.

"கழுத்தளவுல நின்னா தாள் நனைஞ்சிடுமே தம்பி" என்றாள் சித்தி.

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒரு பாட்டி வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்து நகர்ந்து போனார்கள்.

"அட்டையெல்லாம் எழுதுறது நீதானே?" என்று கேட்டாள் சித்தி.

"ஆமா சித்தி."

"அதைப் பாத்துத்தான் இதை ஒட்டினாங்களா?"

இவள் தலையை ஆட்டினாள். "சித்தி, அது வந்து..." என்று இழுத்தாள்.

"உனக்குத் தெரியாம இல்லையே?"

சித்தி அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். வீட்டுக்குப் போகலாம் என்று கை காட்டிவிட்டு நடந்தாள்.

வாசல் மேஜையிலிருந்த பெண் வருகைப் புத்தகத்தை நீட்டினாள். "பேர் எழுதிட்டுப் போங்கம்மா."

சித்தி பேனாவை வாங்கவில்லை. இவளைப் பார்த்தாள்.

"நீயே எழுது. இங்க உன் எழுத்துதானே செல்லும்."

இவள் குனிந்து எழுதினாள், சித்தியின் முழுப் பெயரை, முதலெழுத்தோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல். வரிசை எண் நாற்பத்து மூன்று. அடுத்த கட்டத்தில் 'பார்வையாளர்' என்று போட்டாள்.