பொம்மைக்கு ஒரு ஊசி

என் மனைவி பதினெட்டு வருடமாக நர்ஸ். டிப்ளமோ படித்தவள். நாற்பது வயதில், பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எழுத்துத் தேர்வுகளை ஊதித் தள்ளியவள், ஊசி போடும் செய்முறைத் தேர்வில் கோட்டைவிட்டாள். தூங்குகிற குழந்தை விழிக்காமல் ஊசி போடுகிறவள்!

"பொம்மைக்குத்தானே போடணும்? அதுல என்ன கஷ்டம்?" என்றேன்.

"அதான் கஷ்டமே. பொம்மையை நோயாளியா நெனச்சு, பேசிக்கிட்டே போடணுமாம். பொம்மைகிட்ட என்னத்தப் பேசுறது? வாயே வரல. பேச்சுக்கு முட்டை போட்டுட்டாங்க."

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதிலும் போனால் பட்டம் கிடையாது. இரண்டு வருட உழைப்பு விழலுக்கு இறைத்த நீர். அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன்.

"நான் பொம்மையா படுத்துக்கிறேன், பேசிப் பழகு" என்றேன்.

மூன்று வாரம், தினமும் சாயங்காலம் கட்டிலில் மரக்கட்டையாகக் கிடந்தேன். ஊசியில்லாத சிரிஞ்சோடு வந்து, "வணக்கம், நான்தான் உங்க நர்ஸ்" என்று ஆரம்பிப்பாள். ஈரப்பஞ்சு தோளில் பட்டதும் கூச்சம் தாங்காமல் சிரித்துவிடுவேன். "பொம்மை சிரிக்குமாங்க?" என்று கிள்ளுவாள். என்னைப் பேசவிடாமல் படுக்கவைக்கக் கிடைத்த சாக்கை அவள் நன்றாகவே அனுபவித்தாள்.

தேர்வன்று கல்லூரி வராந்தாவில் நின்றேன். முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். சன்னல் வழியே அவள் குரல் கேட்டது.

"என்னங்க, கையை லூசா விடுங்க."

உள்ளே குபீரென்று சிரிப்பு. பாவி, பொம்மையைப் புருஷனாக்கிவிட்டாள்! தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் குரல் நின்றுபோனது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபோது மறுபடியும் கேட்டது.

"கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்ங்க. நான் பக்கத்துலயேதான் இருக்கேன். பயப்படாதீங்க."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் நான் கேட்டிராத குரல் அது. வார்டில் வலியோடு கிடந்த எத்தனை பேர் இதைக் கேட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்கள்! பெருமையோடு சன்னலை ஒட்டி நின்றுகொண்டேன்.

கதவு திறந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, வாட்ச்சைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுதாக நின்றாள்.

"நூத்திப் பத்து," என்றாள். "பாஸான எனக்கே இவ்வளவு துடிக்கல. முதல்ல உக்காருங்க."