கூனனுக்குக் கட்டிய கயிறு

நான்கு பக்கமும் வீடுகள். நடுவில், கட்டடம் கட்ட யாரோ மறந்துவிட்டதைப் போல ஒரு சின்னக் காடு. ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்கும், அவ்வளவுதான் அதன் அளவு. இதைப் போய்க் காடு என்கிறீர்களே என்று விருந்தாளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறையை மாட்டிக்கொண்டு, மதில் தாண்டி வீசப்பட்ட உடைந்த கழிப்பறைப் பீங்கானைப் புதருக்குள்ளிருந்து இழுத்தவர்கள் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

அந்தக் காட்டைப் பராமரிக்கும் சங்கத்துக்கு நான் செயலாளர். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை என்று ஏற்றுக்கொண்டேன். அது என் பொழுதையெல்லாம் தின்றுவிட்டது. முகத்துக்கு நேரே என்னை ‘மேடம்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘காட்டதிகாரி’. எங்கள் குடியிருப்புவாசிகளுக்கு மரம் வேண்டும், ஆனால் இலை உதிரக் கூடாது. பறவை பாட வேண்டும், கார்மேல் எச்சம் போடக் கூடாது. இவர்களை வைத்துக்கொண்டு காட்டைக் காப்பாற்றுவதற்குக் காட்டை வைத்துக்கொண்டு இவர்களைக் காப்பாற்றிவிடலாம்.

ஒரு தடவை, ஒரு மரத்தை வெட்டச் சொன்னவரும் வெட்டக் கூடாதென்றவரும் கூட்டத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பங்களும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. அப்போதுதான் நான் கயிற்று விதியைக் கொண்டுவந்தேன். வெட்ட வேண்டிய மரத்தில் சங்கத்தின் நீல நைலான் கயிற்றைக் கட்டுவோம். வேறு கயிற்றோடு குழம்பாமலிருக்க அதன் இரண்டு நுனியையும் வெள்ளைப் பெயின்ட்டில் முக்கியிருப்போம். அடுத்த மாதக் கூட்டம்வரை கயிறு அப்படியே இருந்தால் மரத்தை வெட்டலாம். யாருக்காவது மனசு வரவில்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டியதுதான். பெயர் சொல்ல வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். அவிழ்த்தது யாரென்று யாரும் கேட்கவும் கூடாது. கயிறு போனால் மரம் நிற்கும்; வேண்டுமானால் அடுத்த மாதத்துக்கு மறுபடி கட்டிப் பார்க்கலாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். சண்டை நின்றது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

காட்டின் கிழக்கு ஓரத்தில், என் தங்கச்சி வீட்டுப் பின்மதிலை ஒட்டி ஒரு பெரிய மரம். மதில் பக்கமாக முதுகு வளைந்து நிற்பதால் அதற்குக் கூனன் என்று பெயர். போன மழைக்குப் பிறகு அதன் அடிப்பகுதியில் தட்டுத் தட்டாகக் காளான் வந்தது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பார்த்தேன். மற்ற மரங்கள் ‘டக்’ என்னும். இது காலிப் பானையைப் போல ‘டொம்’ என்றது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தோல்தான் நின்றுகொண்டிருக்கிறது. அது சாய்ந்தால் நேரே தங்கச்சியின் பின்னறை. அவள் கட்டில் அந்த அறையில்தான் இருந்தது.

அவள் தனியாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வேறு ஊரில் வேலை. நான் காட்டின் மேற்குப் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறேன். நடுவில் இருப்பது ஒரு காடுதான், அதுவும் நான் தினமும் நடக்கிற காடு. ஆனாலும் கூனனுக்குக் காளான் வருவதற்கு முன்னால் கடைசியாக எப்போது அவள் வீட்டுக்குப் போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

காளான் வந்த பிறகு வாரா வாரம் போனேன். காட்டுப் பக்கத்துக் கதவு வழியாக அவள் கொல்லைக்குள் நுழைந்து, அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் கூனனின் சாய்வு சரியாகத் தெரியும். மதில்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு கிளையின் நுனி அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பேன். அவள் டீ கொண்டுவருவாள். நின்றபடியே குடிப்பேன்.

“உட்காருக்கா. நாற்காலி போட்டிருக்கேன்ல.”

“உட்கார எங்கேடி நேரம்? இன்னும் குளத்துப் பக்கம் போகணும். யாரோ பிளாஸ்டிக் மூட்டையைப் போட்டு வச்சிருக்கான்.”

“சரி, டீயையாவது ஆற விடாம குடி.”

கயிற்றைக் கட்டிய அன்றைக்கு அவள் கேட்டாள்: “வெட்டிட்டா, அப்புறம் நீ இப்படி வாரா வாரம் வந்து அலைய வேண்டாம் இல்ல?”

“அப்புறம் எதுக்கு வரணும்? உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கூட்டத்துக்கு முன்னால் கயிறு காணாமல் போயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விதி நான் போட்டது. மறுபடி கட்டினேன். மறுபடியும் போனது. இதற்கு முன் எந்த மரத்துக்கும் இரண்டாவது தடவை கயிறு அவிழ்ந்ததில்லை.

தலைவரிடம் போய், இது ஆபத்தான மரம், விதியை ஒதுக்கி வைத்துவிட்டு வெட்டிவிடலாம் என்றேன். தலைவர் பல் டாக்டர். வலிக்காமல் பேசுவார்.

“மேடம், கார் நிறுத்தணும்னு அந்த மூலை வீட்டுக்காரர் ஒரு மரத்தை வெட்டச் சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க? விதின்னா விதின்னு சொன்னீங்க. இப்ப உங்க தங்கச்சி வீடுன்னதும் வளைச்சா, நாளைக்கு அவர் என்னைக் கேப்பாரா மாட்டாரா?”

கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன். திரும்பி வந்து மூன்றாவது கயிற்றைக் கட்டினேன். தங்கச்சியிடம் கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னேன்.

“போக்கா. நீ விழும் விழும்னு சொன்ன மரமெல்லாம் விழுந்திருந்தா இங்க காடே இருக்காது. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

மூன்றாவது கயிறும் போனபோது எனக்குச் சந்தேகம் என்று எதுவும் மிச்சமில்லை. டிராயிங் வாத்தியார்தான். கிழக்குப் பக்கத்து மாடி வீட்டில் இருப்பவர். பள்ளிக்கூடத்தில் படம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பால்கனி நிறையப் பறவைகளுக்குத் தானியக் கிண்ணங்களைத் தொங்கவிட்டிருந்தார். எந்த மரத்தை வெட்டப் போனாலும் அதில் ஒரு கூடு இருப்பதாகச் சொல்வார். கூனனின் மேல்பொந்தில் ஆந்தை இருக்கிறது என்று என்னிடமே சொல்லியிருந்தார். இதற்குமேல் என்ன வேண்டும்?

யாரென்று கேட்கக் கூடாது என்பதும் நான் போட்ட விதிதான். அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் காற்றில் பறக்கவிட்டேன்.

“வாத்தியாரே, உங்க ஆந்தைக்கு இருக்கிற உயிர்தானே என் தங்கச்சிக்கும் இருக்கு? மனுஷங்கமேல இரக்கமே இல்லாதவங்களுக்குப் பறவைமேல மட்டும் என்ன பாசம்? ஊர் பாராட்டணும்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் அவிழ்க்கலைம்மா,” என்றார்.

“ஆமா, ஆந்தை அவிழ்த்துச்சு.”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, மறைக்க என்ன இருக்கிறது? அவர் எழுந்து போனார், சங்கத்திலிருந்தும் விலகிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பால்கனியில் கிண்ணங்கள் இல்லை. தொலையட்டும் என்று நினைத்தேன்.

காற்று அடித்தபோதெல்லாம் கூனன் விழவில்லை. இலைகூட அசையாத ஒரு மத்தியானம், தனக்குத்தானே முடிவு செய்ததைப் போல விழுந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு முறியும் சத்தம், பிறகு ஏதோ லாரி கவிழ்ந்ததைப் போல. தட்டைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினேன். பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. எப்போதும் நிழலாக இருக்கும் கிழக்கு மூலையில் பளீரென்று வெயில்.

மதில் இல்லை. பின்னறைக்குக் கூரை இல்லை. கிளைகளுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் டிராயிங் வாத்தியார் மண்டியிட்டிருந்தார். பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு எனக்கு முன்னால் வந்துவிட்டிருக்கிறார். அவருக்கு எதிரே என் தங்கச்சி, இடுப்புக்குக் கீழே கட்டிலின் சட்டம் அழுத்தியபடி. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் நான் அவள் பெயரைச் சொல்லி அழுதிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வாத்தியாரைப் பார்த்துக் கத்தினேன்.

“இப்ப சந்தோஷமா? நல்லாப் பார்த்துக்கோங்க!”

அவர் நிமிரவில்லை. “ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். அந்தப் பக்கச் சட்டத்தைப் பிடிங்க. நான் சொன்னதும் தூக்கணும்,” என்றார்.

பிடித்தேன். தூக்கினோம். அவர் கையெல்லாம் ரத்தம். எது அவருடையது, எது அவளுடையது என்று தெரியவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு, மறுநாள் அவளுடைய மாற்றுத் துணிகளை எடுத்து வரப் போனேன். முன்னறையும் சமையலறையும் ஒன்றுமே நடக்காததைப் போல இருந்தன. கொல்லையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நைட்டி, ஒரு துண்டு, தலையணை உறை. கிளைகள் அந்தப் பக்கம் எட்டவில்லை. எடுத்து மடிக்கலாம் என்று நைட்டியை இழுத்தபோது, கொடி கையோடு வந்து முகத்துக்கு நேரே நின்றது.

நீல நைலான். ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு நீளமாக்கிய மூன்று கயிறுகள். ஒவ்வொரு முடிச்சிலும் வெள்ளைப் பெயின்ட் அடித்த நுனிகள் இரண்டு காதுகளாக நீட்டிக்கொண்டிருந்தன. நான் வாரா வாரம் நின்று டீ குடித்த இடத்துக்கு நேரே மேலே. நகத்தின் அளவு காளானையும் கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு, தலையில் இடிக்கிற கயிறு தெரியவில்லை.

துணிகளை அங்கேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் கட்டிலருகே நின்றபோதும் கோபம்தான் முன்னால் வந்தது.

“உனக்குப் பைத்தியமா? கயிறை நீயா அவிழ்த்தே? விழுந்தா உன் தலையிலதான் விழும்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? உன்னால ஒரு நல்ல மனுஷனை நாலு பேர் முன்னாடி நான்...”

“அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்க்கா. காலையில வந்தாரு. அவர் ஒண்ணும் நினைக்கலை.”

“ஏண்டி அவிழ்த்தே?”

அவள் கூரையைப் பார்த்தாள். மருந்தின் மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. அது தெளிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

“வெட்டிட்டா நீ வரமாட்டேன்னு சொன்னே.”

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது, புரியாமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

“நீ மரத்தைப் பார்க்கத்தான் வர்றேன்னு தெரியும். இருந்தாலும் டீ குடிச்சிட்டுப் போவேல்ல. ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு ஒரு வேலை இருந்துச்சு. நிஜமா விழும்னு நான் நினைக்கவேயில்லக்கா. இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டுமேன்னுதான்...”

“அதைக் கொடியா வேற கட்டி வச்சிருக்கே.”

“உன் கண்ணுல படட்டும்னுதான் கட்டினேன். முதல் கயிறைக் கொடியா கட்டினப்பவே நீ கேப்பேன்னு நினைச்சேன். கேட்டா, திட்டுவே. திட்டிட்டு, ஏன்னு கேப்பே. சொல்லிடலாம்னு இருந்தேன்.” வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நீ மேலயே பார்த்துட்டுப் போயிட்டே.”

நான் இன்னமும் நின்றுகொண்டுதான் இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் இருந்தது.

“உட்காருக்கா,” என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை எப்போது இவ்வளவு மெலிந்தது என்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இனி தினமும் வருகிறேன், என் வீட்டிலேயே வந்து இரு, காடும் வேண்டாம் சங்கமும் வேண்டாம் என்று என்னென்னவோ சொல்ல வாய் வரை வந்தது. வாய்க்குப் பழக்கமில்லாத பேச்சு. எதை முதலில் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு அவள் மகன் வந்தான். இரவெல்லாம் பயணம் செய்த முகம்.

“பெரியம்மா, டாக்டர்கிட்ட பேசிட்டேன்,” என்றான். “அம்மா பயணம் பண்ணலாம்னு சொன்னதும் என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன். வீட்டையும் வித்துடலாம். இனிமே தனியா விட முடியாது.”

“இங்கேயே...” என்று ஆரம்பித்தேன்.

“இங்க அவங்களுக்கு யாரு இருக்கா, பெரியம்மா?”

குத்திக் காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. கணக்குப் பார்த்துப் பேசத் தெரியாத பையன். அவனுக்குத் தெரிந்ததைக் கேட்டான். என்னையே பார்த்துக் கேட்டான், என் கை அவன் அம்மாவின் கையில் இருக்கும்போதே.

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்வாள், அக்கா இருக்கிறாளே என்பாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.