இரண்டு பேருக்கும் ஒரே மார்க்

பரசுராமன் சைக்கிளை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது பந்தக்கால்தான். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி வாசலில் நட்டிருந்தார்கள். அடிமண் இன்னும் ஈரமாக இருந்தது.

"வாப்பா தம்பி! காலேஜு பசங்க ஒருத்தரையும் காணோமேன்னு இப்பதான் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார் கல்யாணப் பெண் குணமாலாவின் அப்பா ஸ்ரீபாலன்.

"கல்யாணத்துக்கு வரல சார். நாளைக்கு கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பிராக்டிகல்."

"மெஷினு ரிப்பேரு, அடுத்த மாசம்தான்னு பாப்பா சொல்லிச்சே?"

அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் இவர்களும் முகூர்த்தம் குறித்தார்கள். ஆனால் பம்பாயிலிருந்து உதிரிபாகம் வந்துவிட்டது. பேராசிரியர் வெளிநாடு போகிறார். நாளையே பரீட்சை என்று இன்று காலை கல்லூரியில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

பிராக்டிகலில் பரசுராமனும் குணமாலாவும் ஒரு ஜோடி. பேராசிரியருடைய விதிகள் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதப்பட்டவை. இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு பேருக்கும் ஒரே மார்க். செய்து காட்டும் நாளில் ஒருவர் வராவிட்டால் இருவருக்கும் பூஜ்யம். பிராக்டிகலில் தேறாதவர் பாடத்திலேயே தேற முடியாது. ஒரு பாடத்தில் தோற்றாலும் பரசுராமனுக்கு அரசாங்க உதவித்தொகை நின்றுவிடும், அதோடு படிப்பும். காலையில் அவர் அறைக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தான். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீபாலன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பந்தக்கால் நட்டுட்டா பொண்ணு ஊரு எல்லை தாண்டக் கூடாது தம்பி. நானே அழைச்சிக்கினு போயிட்டு வந்துடுவேன். ஆனா மாப்பிள்ளை வூட்டார் உள்ளதான் தங்கியிருக்காங்க. இன்னா சொல்லட்டும் அவங்ககிட்ட?"

"ஏம்பா, கம்ப்யூட்டர்னு அவ்ளோ பெரிய மெஷினு, எங்க பொண்ணு இல்லேன்னா ஓடாதாமா?" என்று உள்ளேயிருந்து குணமாலாவின் அத்தை கனகமாலாவின் குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். ஸ்ரீபாலன் சிரிக்கவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பியபோது கொல்லைக் கதவருகே குணமாலா நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நலங்கு வைத்த மஞ்சள் காதோரம் காய்ந்திருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் லேபில் பக்கத்து ஸ்டூலில் பார்த்த முகம். இன்று அதைப் பார்ப்பதே தப்பு போல இருந்தது.

"நாளைக்கு மொதல் பஸ்ஸுல வந்துடறேன். சாயங்காலம் திரும்பிடலாம். அப்புறம் திட்டட்டும், அடிக்கட்டும்."

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"உங்க ஸ்காலர்ஷிப் போயிடும் பரசு."

பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் முகத்தோடு அவள், பக்கத்தில் அவன். நினைத்துப் பார்த்தான். ஐயம்பேட்டையில் அவன் அம்மா அன்னம்மாள் இந்நேரம் யாருடைய வயலிலாவது நாற்று நட்டுக்கொண்டிருப்பாள்.

"நீங்க என்கூட ஓடிட்டீங்கன்னு மத்தியானத்துக்குள்ள ஊரெல்லாம் பேச்சாயிடும். எங்க தெருவுல எல்லாம் கூரை வூடுங்க, குணமாலா. ஒரு தீக்குச்சி போதும்."

அவள் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்க மட்டும் போயி இன்னா பண்ணுவீங்க?"

"போகாம வூட்டுல இருந்தா அம்மா ஏன்னு கேக்கும்."

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகும் பஸ் ஐயம்பேட்டையைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. நெசவாளர்கள் தெரு நீளத்துக்குத் தறிக்கான பட்டுப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. டிரைவர் ஹார்ன் அடித்தார். "கொஞ்சம் இருப்பா, இழை அறுந்துடும்" என்று ஒருவர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் நேரமாகிறது என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார்கள். பரசுராமன் கம்ப்யூட்டருக்கான துளை போட்ட அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அரக்குச் சிவப்பு இழைகளை ஆட்கள் மெல்லத் தூக்கிச் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த பஸ்ஸில் அவசரமில்லாதவன் அவன் ஒருவன்தான்.