ஓடாத வண்டியின் பெல்ட்

அடுப்பில் ஏறாமல் பரணிலேயே கிடந்த குக்கரின் காஸ்கெட் கூடப் போன மாதம் எடுத்துப் பார்த்தபோது வெடித்துப் போயிருந்தது. வேலை கொடுக்காவிட்டால் ரப்பருக்கு வயதாகாதா என்ன? இதை இவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஜெயலக்ஷ்மி நான்கு எலுமிச்சம்பழங்களைப் புடவைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். மயிலாப்பூர்த் தெருவில் இன்னும் வெயில் ஏறவில்லை. அவள் கணவர் வெங்கடரமணன் காரின் உறையை மடித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷத்துக் கார், ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. பின் சீட்டில் மகள் வர்ஷினி, எட்டு மாத வயிற்றின் மேல் கைவைத்துச் சாய்ந்திருந்தாள். நாளைக்குக் காஞ்சிபுரத்தில், மாமியார் வீட்டில், அவளுக்குச் சீமந்தம்.

போன வாரம் வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான் ஜெயலக்ஷ்மியிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். "டைமிங் பெல்ட்டு வாங்குனதுலேர்ந்து மாத்தவே இல்லம்மா. ஒரு வருசம் ஓடுனாலும் ஓடும், நாளைக்கே அறுந்தாலும் அறுந்துரும். ரோட்ல போய்க்கினு இருக்கசொல்ல அறுந்தா இன்ஜின் அங்கியே நின்னுடும். ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிடும். சார் கேக்க மாட்டேன்றாரு. நான் இன்னாம்மா பண்றது?"

அன்றைக்கே அவள் கணவரிடம் கேட்டாள்.

வெங்கடரமணன் மீட்டரைத்தான் காட்டினார். "நாப்பதாயிரம் கிலோமீட்டர் கூட ஓடலைடி. கோவிலுக்கும் அடையாறுக்கும் போயிண்டு வர வண்டி இது. தேயாத பெல்ட்டை எதுக்கு மாத்தணும்?"

"ஓடாட்டாலும் ரப்பர் காயும், ன்னா. என் குக்கர் காஸ்கெட்..."

"கேட்டியா வர்ஷினி? உங்கம்மா இன்ஜினுக்கு மூணு விசில் விடணும்ங்கறா!"

மகளும் சேர்ந்து சிரித்தாள். ஜெயலக்ஷ்மிக்கும் சிரிக்க வேண்டியிருந்தது. அவர் சிரித்து முடித்த பேச்சை மறுபடி எடுக்க அவளால் ஒருநாளும் முடிந்ததில்லை. செலவுக்கு அஞ்சுகிற மனிதர் இல்லை அவர். இன்ஜினைப் பிரித்தால் வண்டி பழசு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அது அவருக்கு ஆகாது.

பிறகு வர்ஷினியைத் தனியாக அழைத்து, டாக்ஸியில் போகலாமே என்றாள். "அப்பா எவ்வளவு ஆசையா துடைச்சு வெச்சிருக்கார்! நீ சும்மா பயமுறுத்தாதேம்மா" என்று அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து கண்ணை மூடினால் நெடுஞ்சாலை தெரிந்தது. நடு ரோட்டில் நின்றுபோன கார். பின்னால் நிற்க முடியாமல் வருகிற லாரி.

"ஜெயா, பழத்தை வை. ராகுகாலத்துக்கு முன்னாடி கிளம்பணும்."

வெளியூர்ப் பயணம் என்றால் நான்கு சக்கரத்துக்கும் பழம் வைப்பது அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து அது நசுங்காமல் அவர் வெளியூருக்கு வண்டியெடுத்ததில்லை. அவள் முன் சக்கரத்தருகே குனிந்தாள். டயர் கூடக் கறுப்பாகத் துடைக்கப்பட்டிருந்தது. பழத்தை வைத்தால் போய்வா என்று தானும் சொன்னதாகிவிடும். தன் கையாலேயே.

நிமிர்ந்தாள்.

"என்ன பாத்துண்டு நிக்கறே?"

"வெச்சுட்டு ஏறும்மா, நாழியாறது" என்றாள் வர்ஷினி ஜன்னல் வழியாக.

அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லலாம். பழமே இல்லாமலும் கிளம்பலாம். அவளால் தடுக்க முடியாது. தலைப்போடு பழங்களைச் சேர்த்து முடிந்துகொண்டாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

"நான் வைக்க மாட்டேன்."