வலப்பக்கம் மேலே

"…அந்தக் கடைசிப் பொம்மைக் குடிசையைத்தான் சொல்றேன். ஆத்து வளைவுல தனியா நிக்குதே, அதைப் பிடுங்கிடு."

"அது எங்க கொள்ளுத்தாத்தா வீடுங்க ஐயா," என்றேன். "முதல் குளிர்காலத்துல அங்கதான் இருந்துச்சு."

"இருந்துச்சு. ஊரை விட்டு ஓடினவன் வீடு எதுக்கு?"

"ஓடலை. துரத்தினாங்க."

ஹச்சியா சிரித்தார். "பழைய கதையைக் கிளறாதே, தொகியே. பொம்மைக்குச் சட்டை மாட்டுறவ நீ. மாட்டு, போதும்."

அருங்காட்சியக இயக்குநர் மினோவா தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'முதல் குடியேற்றம்' கண்காட்சி மறுநாள் திறப்பு. ஹச்சியா எங்கள் அருங்காட்சியகக் குழுவின் தலைவர். காட்டை வெட்டி இந்த ஊரை உண்டாக்கிய குடியேறிகளுக்கு அவருடைய கொள்ளுத்தாத்தா தலைவர். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆள் உயரப் பொம்மையாக நிற்கப்போகிறவரும் அந்தக் கொள்ளுத்தாத்தாதான்.

அந்தத் தலைவர் கேட்ட ஆற்றங்கரை நிலத்தை என் கொள்ளுத்தாத்தா கிசாபுரோ கொடுக்கவில்லை. ஊர்விலக்கு வைத்தார்கள். ஹொக்கைடோவின் பனியில் ஊர் முழுக்க ஒரு குடும்பத்தோடு பேசாமல் இருப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். வீடு எரிந்தால் அணைக்க வருவார்கள், சாவு விழுந்தால் தூக்க வருவார்கள். அந்த இரண்டை மட்டும் எந்த ஊர்விலக்கும் மறுக்காது. கிசாபுரோவின் மூன்று வயது மகள் இறந்தபோது எங்கள் வீட்டுக்கு அதையும் மறுத்தார்கள். உறைந்த மண்ணை அவர் ஒருவராகவே கோடரியால் வெட்டினார்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த ஊருக்கு வேலை தேடி வந்ததும் சும்மா இல்லை.

பழைய ஊரின் மாதிரிப் பலகையிலிருந்து அந்தச் சிறு குடிசையைப் பிடுங்கினேன். பூர்ச்சமரப் பட்டையில் நானே செய்தது. விரலில் சிராய் ஏறியது. பிறகு கூண்டுக்குள் போய்ப் பொம்மைக்கு உடுத்தினேன். உயிரோடிருப்பவருக்குக் கிமோனோவின் இடப்பக்கம் மேலே வர வேண்டும். பிணத்துக்குத்தான் வலப்பக்கம் மேலே. எங்கள் நாட்டில் ஐந்து வயதுக் குழந்தையும் இதில் தவறாது. நான் வலப்பக்கத்தை மேலே இழுத்து, கச்சையை இறுக்கினேன். செத்தவருக்குப் படைப்பது போலக் காலடியில் சோற்றுக் கிண்ணம் வைத்துக் குச்சிகளைச் செங்குத்தாக நடவும் ஆசைதான். வேண்டாம், அது கூச்சல். எனக்குத் தேவை முணுமுணுப்பு. கூண்டைப் பூட்டி, வெள்ளைத் துணியால் மூடினேன்.

காலையில் ஊரே வந்தது. குடும்பச் சின்னம் பொறித்த கறுப்பு உடையில் ஹச்சியா பேசினார், பேசினார், பிறகு துணியை இழுத்தார். கைதட்டல் பாதியிலேயே நின்றது.

முன்வரிசைக் கிழவிகளில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். "அய்யோ, சவத்துக்குல்ல இப்படிக் கட்டுவாங்க!"

"சும்மா இருடி, கேட்கப் போகுது."

"கேட்கட்டுமே! யாராச்சும் ஊதுபத்தி கொண்டாந்தீங்களா?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஹச்சியா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. எனக்குள் குளிர்ந்த தண்ணீர் போல ஒரு சந்தோஷம் இறங்கியது.

மினோவா என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "தெரியாமப் பண்ணிட்டீங்களா?"

"நானா, சார்? இந்த வேலையிலயா?"

அவர் முகத்தில் ஒரு கணம் பாராட்டு மாதிரி ஏதோ ஓடி மறைந்தது.

ஹச்சியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "சாவி எங்க?"

நான் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தேன். பனி உடைந்து நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏய், உன்னைத்தான்!"

சாவி என் வேலை மேலங்கியின் பையில், தொடையோடு உறுத்தியது. நகரசபைத் தலைவர் கழுத்தை நீட்டிக் கூண்டுக்குள் பார்த்தார். கிழவிகள் ஒருவர் பின் ஒருவராகப் பொம்மைக்கு முன் நின்று, சாவு வீட்டில் போலக் கைகூப்பிவிட்டு நகர்ந்தார்கள்.

ஹச்சியா என் முன்னால் இடுப்பு வரை குனிந்தார். எங்கள் வீட்டு ஆளுக்கு முன்னால் அவர் வீட்டு முதுகு வளைந்து நான் பார்த்ததில்லை. என் பெயரோடு 'சான்' என்று மரியாதை சேர்த்து அவர் கூப்பிட்டும் கேட்டதில்லை.

"தொகியே… தொகியே-சான். கும்பிட்டுக் கேக்குறேம்மா. எல்லாரும் பாக்குறாங்க. கூண்டைத் திறந்து அவருக்கு மாத்திக் கட்டி விடுங்க."