வேப்பிலை கட்டிய காம்பவுண்டு

ஒரே காம்பவுண்டில் குடியிருந்த ராக்கம்மாள் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குவதைப் பார்த்ததும் சித்ராதேவி விரல் விட்டு நாளை எண்ணினாள். அந்த வீட்டுச் சின்னவளோடுதான் முந்தாநாள் சாயங்காலம் முழுக்க அவள் மகள் அனுசுயா வேஸ்ட் துணியில் பொம்மை கட்டி விளையாடினாள். வீட்டுக்கு அம்மையாக ஆத்தா வந்திருந்தால் வாய்விட்டுச் சொல்லக்கூடாதாம், ராக்கம்மாளும் சொல்லவில்லை. என்ன பாழாய்ப்போன வழக்கமோ!

அனுசுயாவுக்கு ஏழு வயது. லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருகிற கட்டி அவளுக்குப் பின்மூளையில் வந்தது. ஆபரேஷன் முடிந்து, முகத்தை வலை மாஸ்க்கால் மேசையோடு பூட்டி, முப்பது தடவை ரேடியேஷன் கொடுத்தார்கள். ஒரு நாளும் அசையவில்லை, அப்படிப்பட்ட பிள்ளை. இப்போது கீமோவில் நாலாவது சுற்று, ரத்தத்தில் வெள்ளையணு அடிமட்டம். அம்மை கண்ட பிள்ளையோடு பழகினால் நாலு நாளைக்குள் ஊசி போட்டாக வேண்டும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்று கோயமுத்தூர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

சித்ராதேவி ஆஸ்பத்திரி ஃபைலைப் பையில் திணித்தாள். பனியன் கம்பெனிக் கட்டிங் வேலைக்குக் கிளம்பி நின்ற புருஷன் பாண்டித்துரை குறுக்கே வந்தான்.

"ஆத்தாளுக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் காம்பவுண்ட விட்டு வெளியூர் போகக்கூடாதுடி. தெய்வக் குத்தமாயிரும்."

"நீங்க மட்டும் கம்பெனிக்குப் போவீங்க, அத ஆத்தா கேக்க மாட்டாளோ?"

அவள் அனுசுயாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தாள். கேட்டைப் பிடித்தபடி வீட்டுச் சொந்தக்காரி வள்ளியாத்தாள் நின்றாள்.

"ஏனம்மிணி, மூணு தண்ணி ஊத்தட்டும், அப்பறம் போலாமுங்க. மீறிப் போனா இந்த ஊட்டுக்குத் திரும்பி வரக்கூடாது, பாத்துக்கங்க."

சித்ராதேவிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"பண்ட பாத்திரத்தத் தெருவுல வச்சிருங்க, வந்து எடுத்துக்கிறேன். மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் எம்புள்ள இருக்க மாட்டா. ஆத்தாளும் பொம்பளதான? இப்படி ஒரு புள்ள இருந்தா அவளே மொதப் பஸ்ஸுல ஏறியிருப்பா!"

வள்ளியாத்தாள் கேட்டை விடவில்லை. அப்போது வேப்பிலை கட்டிய வீட்டின் ஜன்னல் படீரென்று திறந்தது. அம்மை கண்ட வீட்டில் குரல் உயரவே கூடாது. ராக்கம்மாள் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

"வழிய விடுங்கம்மா! ஆத்தா வந்தது எங்க வீட்டுக்கு. கோவிச்சா நான் பேசிக்கிறேன். சொல்லாம விட்டது என் தப்புதான் சித்ராக்கா, நிக்காத, ஓடு!"

வள்ளியாத்தாளின் கை தானாகக் கேட்டிலிருந்து நழுவியது. பாண்டித்துரை பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினான்.

அனுசுயா பனியன் துணித் தொப்பியை மொட்டைத் தலையில் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஊசி வலிக்குமாம்மா?"

"வலிக்கும்" என்றாள் சித்ராதேவி. "கத்து. ஊரே கேக்குற மாதிரி நல்லாக் கத்து."