முந்தி வந்த குரல்

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்!"

பெற்றிசியாவின் சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்த ஒலிபெருக்கி உற்சாகமாகக் கூவியது. அதுவரை மாதா பாட்டொன்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் பிஸ்கட் விளம்பரம். பந்தலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

வாசற் படலையில் நின்று, வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த அலெக்ஸாண்டர் விறுக்கென்று உள்ளே வந்தார். இறந்தவள் அவருடைய ஒரே தங்கை. பேசாலையில் அவர்கள் குடும்பத்துச் செத்தவீட்டில் இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை.

"டிலோஜன், நிப்பாட்டு அதை."

தங்கையின் மகன் போனை அமத்தினான். "இடைக்கிடை இப்பிடி வரும் மாமா. மறந்துபோனன்."

"கொம்மாவைத் தூக்கேக்கை வந்தா?"

பாதர் வரும் நேரம். பாட்டில்லாமல் பெட்டி எடுப்பதா?

குசினி வாசலில் நின்ற தங்கையின் மகள் கிருஷிகா மெதுவாகச் சொன்னாள்: "அம்மாட கசெற் இருக்கு மாமா. நீங்கள்தான்..."

மிச்சம் அவருக்குத் தெரியும். கோயில் பாடகர் குழு பதிந்த கசெற் அது. எல்லாரும் சேர்ந்து தொடங்க வேண்டிய இடத்தில் பெற்றிசியா அரை அடி முந்திவிட்டாள். ஒரு கணம் அவள் குரல் மட்டும், பிறகுதான் மற்றவர்கள். ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அதைப் போடக்கூடாது என்று அலெக்ஸாண்டர் கட்டளையிட்டிருந்தார். ஆட்கள் படலை தாண்டிப் போனதும் அவள் போடுவாள்.

"அதே பாட்டு போனிலை இதைவிட வடிவாக் கிடக்கு மாமா. விளம்பரம் வராமல் இறக்கித் தாறன்," என்றான் டிலோஜன்.

"அதிலை கொம்மா முந்தி வரமாட்டா."

கிருஷிகா கசெற் போடும் பழைய செற்றைத் தூக்கிவந்து கதிரையில் வைத்தாள். "மூடி நிக்காது மாமா. விட்டால் பாட்டும் நிண்டுபோம். அம்மா விரலாலை அமத்திக்கொண்டுதான் கேப்பா."

மூடியின் மூலையில் ஓரிடம் தேய்ந்து மினுங்கியது. அலெக்ஸாண்டர் பக்கத்தில் அமர்ந்து அங்கே விரலை வைத்தார். பந்தல் மைக்கைக் கிட்டக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் குழுவில் ஓர்கன் வாசித்த சிங்கராசா குனிந்தார். "அண்ணை, மெய்யாவே போடப் போறீங்களோ? அந்த இடம் வருமே!"

"வரட்டும்."

பாதர் செபித்து முடித்தார். அலெக்ஸாண்டர் பாட்டைப் போட்டார். ஆண்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்; தலைமாட்டில் மட்டும் ஓரிடம் விட்டிருந்தார்கள். குடும்பத்தில் மூத்த ஆண்தான் முதல் தோள் கொடுக்க வேண்டும். தகப்பனுக்கும் தாய்க்கும் அவர்தான் கொடுத்தார்.

"மாமா, வாங்கோ," என்றான் டிலோஜன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தியிருந்த விரலைப் பார்த்தார்.

"நீ போய்ப் பிடி."

"நானோ? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். தலைமாட்டிலை நில். நிமிந்து நட. நான் பாட்டு முடிய வாறன்."

பெட்டி படலையைத் தாண்டும்போது ஓர்கன் ஓய்ந்தது. பெற்றிசியா அரை அடி முந்தினாள். தெருவில் சிங்கராசாவின் கால் ஒருமுறை தயங்கியது. குழுவில் பாடிய பெண்கள் ஈரக் கண்களோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு நாடாவில் இருந்த எல்லாக் குரல்களும் அவளோடு வந்து சேர்ந்தன.

முற்றம் வெறுமையானது. தெருக் கழுதையொன்று பந்தலுக்குள் தலையை நீட்டி, கீழே விழுந்துகிடந்த மாலையைக் கடித்து இழுத்தது. அலெக்ஸாண்டர் அதைப் பார்த்தார். விரட்டுவதற்கு எழவில்லை. விரல் மூடியின் மேலேயே இருந்தது.